இடது பக்கம் உட்கார்ந்தவள்

லைப்சிக், ஜெர்மனி
14 ஜனவரி 2025

அன்புள்ள சுகா,

பொங்கல் வாழ்த்துகள். நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முதலில் உன் போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு உன் வீட்டுக்காரர் போனுக்குச் செய்தேன். ராமராஜன் அண்ணன் எடுத்தார். "சுகா பக்கத்துலதான் இருக்குது. பேச மாட்டேன்னு சொல்லச் சொல்லுதும்மா" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது. அதனால் காகிதம் எடுத்திருக்கிறேன்.

கோபம் எதற்கென்று தெரியும். அந்த யூடியூப் பேட்டி. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண் பியானோவை எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று பேட்டி எடுத்தவள் கேட்டாள். நான் "தனியாகத்தான்" என்று சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் வெட்டிவிட்டார்கள் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நீ நம்பமாட்டாய். இத்தனை வருஷமாக மேடையில் ஒற்றை ஆளாகவே உட்கார்ந்து எழுந்தவளுக்கு அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். நம் பள்ளிக்கூட ஹாலில் நாம் இருவரும் சேர்ந்து ஒரு மாலை வாசித்தால் என்ன? பழைய மாதிரி, ஒரே பியானோ, ஒரே பெஞ்சு, நாலு கை. நாம் 'மாட்டு வண்டி' என்று பெயர் வைத்தோமே, அந்தத் துண்டு. அப்புறம் 'அழுமூஞ்சி'. ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், விமரிசகர்கள் வேண்டாம். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வந்தாலும் போதும்.

ஏன் திடீரென்று என்று கேட்காதே. ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
குழலி

*

காஞ்சிபுரம்
9 பிப்ரவரி 2025

ஏலவார்குழலிக்கு,

திட்டியாவது போடு என்று நீயே கேட்டிருப்பதால் எழுதுகிறேன். தபால்காரர் முனுசாமி உன் கடிதத்தைத் தெருவுக்கே காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். ஜெர்மனி ஸ்டாம்ப் வேண்டுமாம். கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

நீ பேட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. என்னிடம் பியானோ கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, காந்தி ரோட்டில் சேலைக் கடை வைத்திருப்பவர், வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், நீங்களும் அவங்களும் ஒண்ணா கத்துக்கினோம்னு சொன்னீங்க. அவங்க தனியான்னு சொல்றாங்களே" என்றார். கேலி இல்லை குழலி, நிஜமான சந்தேகம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சொந்த ஊரில் என்னைப் பொய் சொல்லித் திரிகிறவளாக ஆக்கிவிட்டாய்.

உனக்கு மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். பள்ளியில் பியானோ ஒன்று. அலமு டீச்சருக்கு வாரத்தில் ஓய்வு ஒரு மணி நேரம். கற்றுக்கொள்ள வந்தது நெசவுக்காரர் கலியாணசுந்தரத்தின் மகளும், பள்ளி வாட்ச்மேன் அந்தோணியின் மகளும். ஆளுக்கு அரை மணி என்று பிரிக்காமல் டீச்சர் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். நீ குட்டை, கால் பெடலுக்கு எட்டாது. அதனால் வலது பக்கம். நான் நெட்டை. அதனால் இடது பக்கம், பெடலும் என் பொறுப்பு. அன்றிலிருந்து பாட்டு உனக்கு, பின்பாட்டு எனக்கு. நீ வாசித்த சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை என் கால்தான் முடிவு செய்தது. ஊர் உனக்குத்தான் கைதட்டியது. நானும் சேர்ந்து தட்டினேன்.

உன் வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் அது. நான் அதை இதுவரை உன்னிடம் பேசியதில்லை, இனியும் பேசப்போவதில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் நமக்கு நடுவில் இடைவெளி கிடையாது. உன் இடது கைச் சுண்டுவிரலும் என் வலது கைச் சுண்டுவிரலும் இடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயரா தனியாக?

சரி, ஆடி. உனக்கு ஊர் மறந்துவிட்டது. ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மைக் செட்டு அலறும். அதையெல்லாம் ராமராஜன் பார்த்துக்கொள்வார், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஊரில் தெரியாத ஆள் இல்லை. ஹாலுக்கு நான் சொன்னால் தருவார்கள். பத்துப் பேர் போதும் என்று பெரிய மனது செய்திருக்கிறாயே, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காது இல்லையா?

நான் வாசிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இந்த முறை வலது பக்கம் நான். பாட்டு எனக்கு. நீ இடது பக்கம் உட்கார்ந்து எனக்குப் பெடல் போடு. சம்மதமானால் எழுது.

சுகாசினி

*

லைப்சிக்
3 மார்ச் 2025

சுகா,

உன் கடிதத்தை டிராமில் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஜெர்மன்காரர் எனக்குக் கைக்குட்டை நீட்டினார். டம்ளரைப் பற்றி நீ பேச வேண்டாம். அம்மா இருந்தபோதே நான் பேசியிருக்க வேண்டியது அது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே கல்லூரியில் சேர முதன்முதலில் வாசித்துக் காட்டிய நாள். ஐந்து பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு பக்கம் வாசித்து முடிக்கும்வரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் என்னவோ வறண்டு கிடப்பது போல இருந்தது. சுரங்கள் எல்லாம் சரி, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. அப்புறம்தான் கீழே பார்த்தேன். என் வலது கால் பெஞ்சுக்கு அடியில் மடிந்து கிடந்தது. எத்தனை வருஷம் வைத்துப் பழகிய இடம் அது! சுகா மிதிப்பாள் என்று என் கால் காத்துக்கொண்டிருந்தது. தனியாக வாசித்துப் பழகும்போதெல்லாம் பெடலை நானேதான் போட்டேன். அன்று பயத்தில் உடம்பு பழைய இடத்துக்கே போய்விட்டது. ஏன் பெடல் இல்லாமல் வாசித்தாய் என்று கேட்டார்கள். அப்படித்தான் வாசிக்க நினைத்தேன் என்று கூசாமல் சொன்னேன். அதில் ஒருவர் அதைப் பெரிய துணிச்சல் என்று பாராட்டி எனக்கு இடம் வாங்கிக்கொடுத்தார். உன் கால் இல்லாததால் கிடைத்த இடம் இது. சிரி.

நிபந்தனையைப் பற்றி. அது மட்டும் வேண்டாம், சுகா. வேறு என்ன வேண்டுமானாலும் கேள். உன் பெயரை முதலில் போடலாம். எந்தத் துண்டு என்று நீயே முடிவு செய். ஆனால் நான் வலது பக்கமே உட்காருகிறேன். இடது பக்கம் எனக்குப் பழக்கமில்லை, அங்கே வந்து புதிதாகப் பழக நேரமும் இருக்காது. தயவுசெய்து.

குழலி

*

காஞ்சிபுரம்
24 மார்ச் 2025

ஏலவார்குழலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கால் கதை நன்றாக இருந்தது. சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். அடுத்த பத்தியைப் படித்ததும் இரண்டும் நின்றுவிட்டன.

பெயரை முதலில் போடுகிறாயாம். பெயரை யார் கேட்டார்கள்? ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, மேலே உட்கார்ந்து ஒரு பாட்டை நான் பாட ஆசைப்பட்டேன். உலகம் முழுக்கப் போய் வாசித்தவளுக்கு இடது பக்கத்துக் கீழ்ப் பகுதி பழக்கமில்லையாம். கீழே உட்கார்ந்தால் உன் கௌரவம் என்ன தேய்ந்துபோய்விடும்?

ஹாலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சுகாசினி

*

காஞ்சிபுரம்
2 ஏப்ரல் 2025

குழலி,

போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்காது, அதற்குள் இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக வந்தால் இதை முதலில் படி.

கோபத்தில் உன் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். நீ எவ்வளவு கர்வமாக உட்காருகிறாய் என்று பார்த்துத் திட்டலாம் என்றுதான். நவம்பரில் ஏதோ ஒரு சின்ன ஊரில் வாசித்தாயே, பின்னால் நீலத் திரை, நீ உன் தம்பி குமரன் அனுப்பிய அரக்குச் சேலை கட்டியிருந்தாய். கேமரா இடது பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறது. அதை ஒருமுறை பார்த்தேன். நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன்.

உன் இடது கைச் சுண்டுவிரல் உள்ளே மடங்குகிறது. பக்கத்து விரலும் சேர்ந்து மடங்குகிறது. நீ மற்ற மூன்று விரலை வைத்துச் சமாளிக்கிறாய். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த விரலோடு இடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியும். அது உன் விரல் மாதிரியே இல்லை.

அதற்கு முந்தைய வருஷத்து வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். அதில் விரல் நன்றாக இருக்கிறது. நவம்பருக்குப் பிறகு நீ வாசிக்கிற வீடியோ எதுவுமே இல்லை.

என்ன ஆயிற்று? உண்மையைச் சொல். இடது பக்கம் உட்காரமாட்டேன் என்றது இதனாலா? நான் கௌரவம், தேய்மானம் என்று என்னென்னவோ எழுதித் தொலைத்தேனே. ராமராஜனிடம் சொன்னேன். அவர், "போன்ல கேட்டுடேன், இன்னாத்துக்கு லெட்டர் எழுதிக்கினு இருக்கறே" என்கிறார். முடியவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது. நீயும் போனில் பொய் சொல்லிவிடுவாய். எழுத்தில் உனக்குப் பொய் வராது.

சுகா

*

லைப்சிக்
22 ஏப்ரல் 2025

என் சுகா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நீ சொன்னபடி இரண்டாவதை முதலில் படித்தேன்.

ஆமாம். ஒன்றரை வருஷமாக இருக்கிறது. முதலில் வேகமான இடங்களில் மட்டும் சுண்டுவிரல் தயங்கியது. நான் வழக்கம்போல இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தேன். அதுதான் செய்யக் கூடாதது என்று பிறகு சொன்னார்கள். இப்போது பியானோவில் இடது கையை வைத்தாலே அந்த இரண்டு விரலும் தாமாக மடங்கிக்கொள்கின்றன. வலி இல்லை. டம்ளர் பிடிக்கிறேன், தலை பின்னுகிறேன், காய் நறுக்குகிறேன், எதிலும் குறை இல்லை. பியானோவில் மட்டும்தான். டாக்டர் அதற்கு டிஸ்டோனியா என்று பெயர் சொன்னார். விரலில் கோளாறு இல்லையாம். அதே வேலையை அத்தனை வருஷம் செய்து, மூளை அந்த விரல்களுக்குச் சொல்லி அனுப்புவதில் குழப்பம் வந்துவிட்டதாம். ஊசி போட்டார்கள். பயிற்சி கொடுக்கிறார்கள். சிலருக்குத் திரும்பி வரும், பலருக்குப் பழையபடி வராது என்கிறார்கள்.

இந்த வருஷத்துக் கச்சேரிகளை எல்லாம் விட்டுவிட்டேன். ஓய்வு எடுக்கிறேன் என்று கச்சேரி ஏற்பாடு செய்கிற ஏஜென்சியிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. நெசவாளர் சங்கத்தில் நூல் வாங்கப் போனால்கூட என் கச்சேரியைப் பற்றித்தான் பேசுவார் என்று குமரன் சொன்னான். அவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டருக்கு அடுத்தபடி இது தெரிந்த ஆள் நீதான்.

நாலு கை என்று உன்னிடம் வந்தது ஏனென்று இப்போது புரிந்திருக்கும். மேல் பகுதியில் இடது கைக்குப் பெரும்பாலும் வலது கை வாசிப்பதையே கீழே திரும்ப வாசிக்கிற வேலைதான். விட்டாலும் ஒப்பேற்றலாம். கீழ்ப் பகுதியில் இடது கை இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால்தான் வேண்டாம் என்றேன். உனக்கு ஒரு மாலை பாட்டை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது. காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆள்கள் முன்னால் மறுபடி ஒருமுறை உட்கார முடியுமா என்று பார்க்க வேண்டும், சுகா. பக்கத்தில் நீ இருந்தால் முடியும் என்று ஒரு நினைப்பு. மாட்டேன் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

குழலி

*

காஞ்சிபுரம்
12 மே 2025

என் கண்ணு குழலி,

ஹாலைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன். ஆகஸ்ட் இரண்டு, சனிக்கிழமை மாலை. கொடுத்ததை வேண்டாமென்று சொல்லிவிட்டு மறுபடி போய் நின்றதில் ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நீ எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தறியில் நெய்ததாகவே இருக்கட்டும்.

நிபந்தனையை எடுத்துவிட்டேன். நான் என் பழைய இடத்திலேயே உட்காருகிறேன். நீ பாடு, நான் மிதிக்கிறேன். உன் இடது கை எதை விட்டாலும் பக்கத்திலிருந்து என் வலது கை எடுத்துக்கொள்ளும். நம் சுண்டுவிரல்கள் சந்திக்கிற இடம்தானே, எனக்கு அது தூரமில்லை.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கிறது. நான் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் சர்ச்சில் வாசிக்கிறவள். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இன்னொரு பயந்தாங்கொள்ளி துணை.

பியானோவுக்குச் சென்னையிலிருந்து ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனார். உள்ளே எலி கூடு கட்டியிருந்ததாம், பட்டு நூலால். உன் ஊர் எலி.

காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்காராதே. எழுந்து எனக்கு எழுது. போன் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. கடிதம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

உன்,
சுகா

*

காஞ்சிபுரம்
30 ஜூலை 2025
ராமராஜன் கையில்

குழலி,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதவைத்துவிட்டாய். நீ கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாயாம். அதனால் இதை ராமராஜன் ஐயம்பேட்டை சவாரிக்குப் போகிற வழியில் குமரனிடம் கொடுப்பார்.

நேற்று ரிகர்சலில் நடந்ததற்கு நீ அப்படி எழுந்து ஓடியிருக்க வேண்டாம். 'அழுமூஞ்சி'யில் விரல் மடங்கியது. நான் உன் சுரங்களை எடுத்துக்கொண்டேன். அது உனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்று உன் தோள் சொன்னது. உன் கையை ஒளித்து வைத்து நான் வாசிக்க, நீ முழுதாக இருப்பது போல ஊருக்குக் காட்ட, நமக்கு எதற்கு இந்த நாடகம்? அதில் இரண்டு பேருக்குமே மூச்சு முட்டுகிறது.

நேற்றிலிருந்து யோசித்தேன். காலையில் ஹாலுக்குப் போய் நானே உட்கார்ந்தும் பார்த்தேன். இடத்தை மாற்றிக்கொள்வோம். நிபந்தனை இல்லை இது, வழி. நான் வலது பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் மேலே வாசிக்கிறேன், நடுவில் இருப்பதையும் முடிந்தவரை எடுத்துக்கொள்கிறேன். நீ இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் அடிச்சுரங்களை மட்டும் வாசி. இடது கையை மடியில் வைத்து ஒளிக்காதே, அது நோட்டின் பக்கத்தைத் திருப்பட்டும். உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது? பெடல் உன்னுடையது. மூன்று கை, ஒரு கால்.

எல்லாரும் உன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரு கையால் வாசிக்கிறவளைப் பார்க்கட்டும். வேண்டாமென்றால் கச்சேரியையே விட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை. உன் அப்பாவிடம் மட்டும் நீயே சொல்லிவிடு. அவர் ஹாலில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சுகா

*

30 ஜூலை, மாலை

சுகா,

அண்ணன் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தறியிலிருந்து எழுந்து வந்து என் இடது கையை வாங்கி, சுண்டுவிரலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். "நல்லாதானே கீதும்மா" என்றார். பியானோவில் மட்டும்தான் அப்பா என்றேன். கொஞ்ச நேரம் கையை விடவே இல்லை. அப்புறம், "அந்தோணி பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். "அது சொல்றபடி செய்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

நாளைக் காலை வருகிறேன். பெஞ்சில் வலது பக்கத்தைத் துடைத்து வை, நீ உட்காருகிற இடம்.

குழலி

*

காஞ்சிபுரம்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குழலி,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைக் குமரன் சொன்னான். ஏர்போர்ட்டில் நீ அழுததையும் சொன்னான்.

கச்சேரி முடிந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். நேரில் சொல்ல வரவில்லை. எவ்வளவோ பேர் சுற்றி நின்றார்கள், நீயும் எல்லாரிடமும் உன் கையைக் காட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாய். ஹாலில் நாற்காலி போதாமல் சேலைக் கடை அம்மா தன் கடை ஸ்டூல்களை எடுத்து வரச் சொன்னதை நீ பார்த்தாயா? பத்துப் பேர் என்றாயே. மைக் செட்டுக்காரர்களும் ராமராஜன் கேட்டுக்கொண்டபடி ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தார்கள். முடிந்ததும் அம்மனுக்குச் சேர்த்து வைத்து அலறவிட்டார்கள்.

'அழுமூஞ்சி'யின் கடைசியில் ஓர் இடம். மேலே அந்த ஒற்றைச் சுரத்தை வாசித்துவிட்டு இரண்டு கையையும் எடுக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். சுரம் நின்றுபோகவில்லை. என் கை மடியில் இருக்கிறது, சுரம் ஹாலில் இருக்கிறது. நான் உன் பக்கம் திரும்பினேன். நீ நோட்டைப் பார்க்கவில்லை, விசையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் சுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். அது போதும் என்று ஆனபோது, ஒரு நொடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, காலை எடுத்தாய்.

இதை நான் உனக்கு எத்தனையோ வருஷம் செய்திருக்கிறேன். வாங்கிக்கொள்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. யாரோ கூட இருக்கிறார்கள் என்று இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை, குழலி.

இன்னொன்று. பக்கம் திருப்பும்போதெல்லாம் உன் சுண்டுவிரல் நேராக நீண்டிருந்தது. பியானோவைத் தொடாததால்தான் என்று நீ டாக்டர் மாதிரி விளக்குவாய். இருக்கட்டும். நான் பார்த்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உன் அப்பா போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. நான் உன்னிடம் கேட்ட சேலையைத் தானே எடுத்து வந்திருந்தார். கச்சேரியில் பின்னால் இருந்த ஒருவர், இதில் ஃபாரின்காரம்மா யார் என்று அவரைக் கேட்டாராம். "லெஃப்ட்ல உக்காந்துக்கினு அந்தோணி பொண்ணுக்கு ஒத்தாசை பண்ணுதே, அதான் எம் பொண்ணுன்னு சொன்னேம்மா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. டீ கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். ராமராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை, டீ அவ்வளவு நன்றாகவா இருந்தது என்று என்னையே கேட்டார்.

நீ அங்கே காலையில் என்ன செய்கிறாய்? எழுது.

சுகா

*

லைப்சிக்
11 செப்டம்பர் 2025

சுகா,

காலையில் இப்போது ஒரு வேலை இருக்கிறது. கீழ்ப் பகுதி பழகுகிறேன். வலது கையும் காலும் மட்டும். இத்தனை வருஷம் என் சுரம் சரியாக வந்ததா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அடுத்தவர் சுரத்தைக் கேட்கக் கற்றுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வயலின் பழகும்போது சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவனுக்குப் பெடல் போட்டுப் பார்த்தேன். மோசமில்லை.

ஏஜென்சிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டார்கள். அடுத்த வருஷத்துத் தேதிகளையும் அடித்துவிட்டார்கள். அடிக்கிறபோது அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது. துடைத்துக்கொண்டு குமரன் போனில் எடுத்த நம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். படம் ஆடுகிறது, நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. கடைசிவரை பார்த்தார்கள். பிறகு ஏஜென்சி நடத்துகிற அம்மா கேட்டது என்னைப் பற்றி இல்லை. வலது பக்கம் வாசிப்பவர் யார் என்றார்.

சொன்னேன். நான் பியானோவை யாரோடு கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன், யாரும் வெட்ட முடியாத மாதிரி.

இருநூறு பேர் உட்காருகிற ஒரு சின்ன ஹால் இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு மாலை தருகிறார்கள். மூன்று கை என்று போடுகிறார்களாம். மற்ற ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக்கொள். அப்பாவின் சேலையைக் கொண்டு வா, மேடையில் அதைத்தான் கட்டப்போகிறாய்.

ஹாலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பியானோ நன்றாக இருக்கிறது. இரண்டு பேர் என்றால் இரண்டு தனி நாற்காலி போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், எங்களுக்கு ஒரே பெஞ்சுதான் பழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
குழலி